படத்துக்கு இருண்ட பழைய ஜாஸ் தேடுவது எப்படி: காதில் தொடங்கி உரிமைப் பத்திரம் வரை

ஸ்ட்ரீமிங் செயலியில் 'டார்க் ஜாஸ்' என்று தட்டினால் வந்து விழுபவற்றில் பெரும்பாலானவை சமீப காலத்தில் கணினியில் செய்தவை. இழுத்து இழுத்து ஊதும் சாக்ஸபோன், அடியில் மழைச் சத்தம், மேலே தூவிய கிராமஃபோன் தட்டுக் கீறல் சத்தம். ஒரு படத்தின் ஆர்.ஆர்.-க்கு, அதாவது பின்னணி இசைக்கு, இது போதும் என்றால் மேற்கொண்டு படிக்க வேண்டியதில்லை. நிஜமான பழைய ஜாஸ் வேண்டும் என்றால் மனநிலையை வைத்துத் தேடுவதை முதலில் விட வேண்டும். 1920களின் தட்டு லேபிள்களில் 'சோகம்' என்று யாரும் அச்சடிக்கவில்லை. துள்ளலான ஆட்டப் பாட்டுக்கும் நெஞ்சை அடைக்கும் மெதுவான பாட்டுக்கும் 'ஃபாக்ஸ் டிராட்' என்று ஒரு நடன வகையின் பெயரில் ஒரே முத்திரைதான். பெயரில் 'ப்ளூஸ்' என்று இருப்பதில் பாதி, கால் தாளம் போடவைக்கும் வேகத்தில் இருக்கும். வருடம், வாத்தியம், பதிவு எண் இந்த மூன்றையும் பிடித்துக்கொண்டு தேடினால்தான் சரக்கு கிடைக்கும். கிடைத்ததைப் படத்தில் வைக்கவும் முடியும்.

1. எந்த வருடம் என்று முடிவு செய்யுங்கள்

இயக்குநர் "நாற்பதுகளின் நுவார் ஜாஸ்" என்று கேட்பார். நுவார் என்பது இருண்ட, நிழல் படிந்த குற்றப் படங்கள். அங்கேயே நிறுத்தி விசாரியுங்கள். 1940களின் நுவார் படங்களுக்குப் பெரும்பாலும் முழு ஆர்கெஸ்ட்ராவில்தான் பின்னணி எழுதினார்கள். ஜாஸ் அங்கே கிளப் காட்சிகளில் எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். இரவுத் தெருவில் தனியாக அழும் டிரம்பெட் ஐம்பதுகளின் கடைசியில் வந்தது. அதற்கு நல்ல அளவுகோல், 1957 டிசம்பரில் பாரிஸில் மைல்ஸ் டேவிஸ் நான்கு பேரோடு சேர்ந்து ஒரு பிரெஞ்சுப் படத்துக்காகக் காட்சிகளைப் பார்த்தபடியே வாசித்த பதிவு. இயக்குநர் மனதில் இருப்பது அதுவா, 1928-இன் கரகரப்பா என்பது தெரியாமல் தேடினால் ஒரு வாரம் வீண்.

காலத்தை ஒலியே காட்டிக்கொடுக்கும். 1925 வசந்தம் வரை மைக் கிடையாது. வாசிப்பவர்கள் ஒரு பெரிய கூம்பின் முன்னால் நெருக்கியடித்து நிற்பார்கள், அந்த அதிர்வே மெழுகில் ஊசியால் கீறப்படும். அதில் பிடிபட்டது ஏறக்குறைய 200 ஹெர்ட்ஸிலிருந்து 2,500 ஹெர்ட்ஸ் வரைதான். பெரிய டிரம்மும் பேஸும் அநேகமாகக் காணாமல் போகும், குரல் ஒரு பெட்டிக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கும். 1925-இல் விக்டர், கொலம்பியா என்ற ரெக்கார்டு நிறுவனங்கள் மின் ஒலிப்பதிவுக்கு மாறின. அதன் பிறகு 5,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கிறது, அறையின் காற்றும் கூடவே வருகிறது. 1926 முதல் 1934 வரையிலான ஆண்டுகளில்தான் இருண்ட ஜாஸ் மிக அதிகமாகக் கிடைக்கும்.

இன்னொரு பொறி. அமெரிக்க இசைக் கலைஞர் சங்கம் 1942 ஆகஸ்ட் 1 முதல் ஒலிப்பதிவுக்கு வர மறுத்து வேலைநிறுத்தம் செய்தது. விக்டரும் கொலம்பியாவும் 1944 நவம்பரில்தான் பணிந்தன. உங்கள் கதை 1943-இல் நடக்கிறது, வானொலியில் அந்த வருடத்துப் புதுத் தட்டு ஓடுகிறது என்று எழுதியிருந்தால் அப்படி ஒரு தட்டு அநேகமாக இருக்காது. பாத்திரம் 1941-இன் தட்டைக் கேட்பதுபோல் மாற்றிவிடுங்கள். வீட்டில் இருந்த தட்டுகளைத்தானே மக்கள் கேட்டார்கள்.

2. இருள் எங்கே இருக்கிறது என்று காதைப் பழக்குங்கள்

டியூக் எலிங்டனின் 'மூட் இண்டிகோ', 1930 பதிவு. முதல் இருபது நொடியைப் பத்துத் தடவை கேளுங்கள். முன்னணியில் மூன்று வாத்தியங்கள்: டிரம்பெட், டிரம்போன், கிளாரினெட். வழக்கமாகக் கிளாரினெட் மேலே பறக்கும், டிரம்போன் கீழே நடக்கும். எலிங்டன் அதைத் தலைகீழாக்கினார். வாயை அடைத்த டிரம்போன் தன் உச்சத்தில் டிரம்பெட்டை ஒட்டி நிற்கிறது. கிளாரினெட் வெகு கீழே, தன் அடித்தொண்டையில். இந்த இரண்டும் தங்களுக்கு வசதியில்லாத இடத்தில் நிற்க, மூன்றும் மெதுவாக ஊதுவதால் எது எந்த வாத்தியம் என்று பிரிக்க முடியாத ஒரு மங்கல் உண்டாகிறது. ஸ்வரங்களை அப்படியே வைத்துக்கொண்டு வழக்கமான அடுக்கில் ஊதினால் அது வெறும் இனிமையான பாட்டாகிவிடும்.

தேடும்போது காது பிடிக்க வேண்டியது இதைத்தான். கிளாரினெட்டின் கீழ் ஸ்தாயி. கழிவறைக் குழாய் அடைப்பு எடுக்கும் ரப்பர் கிண்ணத்தை வைத்து அடைத்துத் திறந்து ஊதும் பித்தளை. தொண்டை உறுமலும் சேர்ந்தால் அது டிரம்பெட் கலைஞர் பப்பர் மைலி இருந்த காலத்து எலிங்டன் குழு. 1927-இன் 'பிளாக் அண்ட் டேன் ஃபேன்டஸி' அப்படிப்பட்டது, ஷோப்பனின் சவ ஊர்வல மெட்டைத் தொட்டுக்கொண்டு முடிகிறது. 1928-இன் 'தி மூச்' அதே குடும்பம். பியானோவுக்குப் பதில் ஹார்மோனியம் வந்தாலும் உடனே நின்று கேளுங்கள், அந்த மூச்சுவாங்கும் பின்னணி வேறு எதிலும் கிடைக்காது. வேகம் நிமிடத்துக்கு 60 முதல் 90 தட்டு.

மைனர் ஸ்கேல்தான் சோகம் என்ற கணக்கு இங்கே பாதிதான் சரி. பன்னிரண்டு பார் ப்ளூஸ் பெரும்பாலும் மேஜரில்தான் நிற்கும். காந்தாரத்தை லேசாக இறக்கி வளைத்துப் பிடிக்கும் இடத்தில்தான் வலி இருக்கிறது. மைனரை மட்டும் வடிகட்டித் தேடினால் 'செயின்ட் ஜேம்ஸ் இன்ஃபர்மரி' கிடைக்கும், 'வெஸ்ட் எண்ட் ப்ளூஸ்' கிடைக்காது.

தொடக்கத்துக்கு இன்னும் சில: ஜெல்லி ரோல் மார்ட்டனின் 'டெட் மேன் ப்ளூஸ்' (1926), பிக்ஸ் பைடர்பெக் தனியாகப் பியானோ வாசித்த 'இன் எ மிஸ்ட்' (1927), சிட்னி பெஷேயின் 'ப்ளூ ஹொரைசன்' (1944). கடைசியாகச் சொன்னதில் கிளாரினெட் முழு நீளமும் அழுகிறது. அதன் மேல் வசனம் வைக்க நினைக்காதீர்கள், வசனம் தோற்கும்.

பாட்டு வரிகளைக் கடைசிவரை கேளுங்கள். அந்தக் காலத் தட்டுகளில் இனவெறிச் சொற்கள் சர்வசாதாரணமாக வரும், இரண்டாவது சரணத்தில்தான் வரும். பில்லி ஹாலிடேயின் 'ஸ்ட்ரேஞ்ச் ஃப்ரூட்' (1939) கறுப்பின மக்களை மரத்தில் தூக்கிலிட்ட கொலைகளைப் பற்றியது. காதல் தோல்வி காட்சிக்கு மூட் என்று அதை வைத்தால் அசிங்கம்.

3. தேடும் இடங்கள்

முதல் இடம், சான்டா பார்பராவில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் நடத்தும் அமெரிக்கப் பழம் ஒலிப்பதிவுகளின் தரவுத்தளம். சுருக்கமாக டி.ஏ.எச்.ஆர். என்பார்கள். பதிவு தேதி, ஊர், வாசித்தவர்கள், மேட்ரிக்ஸ் எண் (அதாவது பதிவு எண்), எத்தனை டேக் (ஒரே பாட்டை எத்தனை தடவை பதிந்தார்கள்), எது தட்டாக வந்தது எல்லாம் இருக்கும். கலைஞர் பெயரை விட்டுவிட்டு வாத்தியத்தை வைத்துத் துழாவுங்கள்: 1924, 1925 ஆண்டுகளில் பாடகியோடு ஒரு கார்னெட்டும் ஹார்மோனியமும் மட்டும் இருக்கும் பதிவுகள் எவை என்று பாருங்கள். பெயர் கேள்விப்படாத பாடகிகளின் நல்ல தட்டுகள் அப்படித்தான் அகப்படும்.

கேட்பதற்கு அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் நேஷனல் ஜூக்பாக்ஸும் இன்டர்நெட் ஆர்க்கைவின் 78 ஆர்.பி.எம். (நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் பழைய தட்டுகள்) தொகுப்பும். இரண்டாவதில் இருப்பதாலேயே ஒரு பதிவு இலவசம் ஆகிவிடாது. அந்தத் தொகுப்பின் மேல் 2023-இல் பெரிய ரெக்கார்டு நிறுவனங்கள் வழக்கே போட்டன. கேட்க அங்கே போங்கள், உரிமையைத் தனியாகப் பாருங்கள்.

தலைப்பில் தேட வேண்டிய சொற்கள்: லோன்சம், வியரி, மோன், கிரேவ்யார்ட், டெட், மிட்நைட், மூட், லமென்ட். தலைப்பு ஏமாற்றும் என்பது மேலே சொன்னதுதான். ஆனால் இருநூறு தலைப்பில் இருபது தேறும். விஸ்கான்சினின் பாராமவுன்ட் லேபிளில் அருமையான ப்ளூஸ் உண்டு. அவர்கள் வார்த்த தட்டின் தரம் மட்டம், இரைச்சலுக்குப் பின்னால்தான் பாட்டு கேட்கும். முழுத்திரைக் காட்சிக்கு ஆகாது. பக்கத்து அறையில் ஓடும் கிராமஃபோனுக்கு ஆகும்.

இந்தியாவில் நடக்கும் கதை என்றால் அமெரிக்கா வரை போக வேண்டியதில்லை. கல்கத்தா கிராண்ட் ஹோட்டலில் வாசித்த அமெரிக்கப் பியானோக் கலைஞர் டெடி வெதர்ஃபோர்ட் இங்கேயே தட்டு பதிந்தார், 1945-இல் அங்கேயே இறந்தார். பம்பாயில் டிரம்பெட்டுக்குச் சிக் சாக்லெட் இருந்தார். வசந்தமான ஆட்டப் பாட்டுகளே அதிகம், ஆனாலும் தேடிப் பார்க்கலாம்.

4. உரிமை: இரண்டு பூட்டு, இரண்டு சாவி

பெரும்பாலான படங்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். ஒரு தட்டில் இரண்டு சொத்து இருக்கிறது. மெட்டும் வரியும் ஒன்று, அது இசையமைப்பாளர் அல்லது பதிப்பாளருடையது. படத்தோடு சேர்க்க அவர்களிடம் சிங்க் உரிமை வாங்க வேண்டும். அந்த ஒலிப்பதிவு இன்னொன்று, அது ரெக்கார்டு நிறுவனத்துடையது. அதற்கு மாஸ்டர் உரிமை. ஒன்று காலாவதி ஆனாலும் மற்றது உயிரோடு இருக்கலாம்.

அமெரிக்கக் கணக்கு 2018-இன் இசை நவீனமயச் சட்டத்தில் இருக்கிறது. 1923 முதல் 1946 வரை வெளியான ஒலிப்பதிவுக்கு 100 ஆண்டு. 1947 முதல் 1956 வரை 110 ஆண்டு. அதற்குப் பிறகு 1972 பிப்ரவரி 15-க்கு முன் பதிந்தவை எல்லாம் 2067 பிப்ரவரி 15 வரை. அந்தக் காலத்து மெட்டுகளுக்கு வெளியான வருடத்திலிருந்து 95 ஆண்டு. எனவே 1925-இல் வெளியான தட்டுகள் 2026 ஜனவரி 1 அன்று உரிமையிலிருந்து விடுபட்டுப் பொதுச்சொத்து ஆகின்றன, ஒவ்வொரு ஜனவரியும் ஒரு வருடம் கூடும்.

இந்தியாவில் ஒலிப்பதிவுக்கு வெளியான அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு; 1960-இன் தட்டுக்கு 2020 டிசம்பரோடு முடிந்தது. மெட்டுக்கு இசையமைப்பாளர் இறந்த பிறகு 60 ஆண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தில் 1962 வரை வெளியான ஒலிப்பதிவுகள் விடுபட்டுவிட்டன, மெட்டுக்கு மட்டும் இசையமைப்பாளரின் ஆயுள் கூட்டல் 70 ஆண்டு. படம் சென்னையில் மட்டும் ஓடினால் இந்தியக் கணக்கு போதும். ஓ.டி.டி. என்று வந்தால் ஒலிப்பதிவுக்கு அமெரிக்கக் கணக்கே கடைசிச் சொல், இவற்றில் அதுதான் நீளம்; மெட்டுக்கு மட்டும் ஆயுள் கூட்டல் 70 அதையும் தாண்டலாம்.

ஒரு தட்டை எடுத்து முழுக்கப் போட்டுப் பார்க்கலாம். பெஸ்ஸி ஸ்மித் பாடிய 'செயின்ட் லூயிஸ் ப்ளூஸ்', 1925 ஜனவரி 14, நியூயார்க், கொலம்பியா 14064-டி. குரல், லூயி ஆம்ஸ்ட்ராங்கின் கார்னெட், ஃபிரெட் லாங்ஷாவின் ஹார்மோனியம், வேறு யாரும் இல்லை. கூம்புக் காலத்தின் கடைசி மாதங்கள். மெட்டு டபிள்யூ. சி. ஹேண்டி 1914-இல் வெளியிட்டது, அமெரிக்காவில் எப்போதோ விடுபட்டது. ஒலிப்பதிவு 2026 ஜனவரியில் அங்கே விடுபடுகிறது. ஹேண்டி இறந்தது 1958, ஆகவே இந்தியாவில் மெட்டு 2018 இறுதியோடு முடிந்தது. ஆயுள் கூட்டல் 70 என்று எண்ணும் நாடுகளில் 2028 இறுதிவரை கேள்வி வரலாம், வெளிநாட்டுப் படைப்புக்கு அங்கே தனி விதிகளும் உண்டு. ஐரோப்பிய விற்பனை இருந்தால் ஒரு வக்கீலின் ஒரு மணி நேரத்துக்குப் பணம் கொடுப்பது மலிவு.

ஆம்ஸ்ட்ராங்கின் 'வெஸ்ட் எண்ட் ப்ளூஸ்' வேறு கதை. மெட்டு 1928-ஐச் சேர்ந்தது, அமெரிக்காவில் விடுபட்டாயிற்று. அதே வருடம் ஜூன் 28-இல் பதிந்த அந்தத் தட்டு 2029 ஜனவரியில்தான் விடுபடும். அதுவரை மெட்டை நீங்களே வாசிக்கவைக்கலாம், ஆம்ஸ்ட்ராங்கைப் போட முடியாது.

இதில் வழுக்கும் இடங்கள் மூன்று. முதலாவது, சட்டம் எண்ணுவது வெளியான வருடத்தை, பதிந்த வருடத்தை அல்ல. 1925 டிசம்பரில் பதிந்து 1926-இல் வந்திருந்தால் ஒரு வருடம் காத்திருக்க வேண்டும். இரண்டாவது, மாற்று டேக். அன்று ஒதுக்கிவைத்த டேக்கை எழுபதுகளில் எல்.பி.யில், அதாவது பிந்தைய நீள்நேரத் தட்டில், வெளியிட்டிருப்பார்கள். அதே நாள், அதே பாட்டு, ஆனால் அது 2067 கணக்கில் போய்விடும். உங்களிடம் இருக்கும் ஃபைல் எந்த டேக் என்று காதால் சரிபாருங்கள். டேக்குக்கு டேக் சோலோ மாறும். மூன்றாவது, சி.டி. ரீமாஸ்டரிலிருந்து எடுக்காதீர்கள். துப்புரவு செய்த வேலைக்குத் தனி உரிமை கோருவார்கள். அசல் 78 தட்டிலிருந்து எடுத்த பிரதியே பாதுகாப்பு.

5. விடுபடாததை வாங்குவது

பதிப்பாளரை ஆஸ்காப், பி.எம்.ஐ. என்ற அமெரிக்க இசை உரிமைச் சங்கங்களின் சாங்வியூ தேடலில் பாருங்கள். பங்குகளைக் கூட்டினால் நூறு சதவீதம் வர வேண்டும். 75 வந்தால் யாரோ ஒருவர் இன்னும் மிச்சம், அவர் கையெழுத்து இல்லாமல் படம் வெளியாகக் கூடாது.

மாஸ்டருக்குப் பழைய லேபிளின் இன்றைய சொந்தக்காரர் வேண்டும். விக்டர், கொலம்பியா, 'ஓகே' (Okeh) ஆகிய மூன்று லேபிள்களும் இன்று சோனியிடம். பிரன்ஸ்விக் லேபிளில் மட்டும் தேதி பார்க்க வேண்டும். 1931 இறுதிவரையிலான பதிவுகள் டெக்கா வழியாக யுனிவர்சலுக்குப் போயின, அதற்குப் பிந்தியவை கொலம்பியா வழியாகச் சோனிக்கு. லேபிள் பெயரை மட்டும் பார்த்து எழுதினால் தவறான அலுவலகத்தின் பதிலுக்கு மாதக்கணக்கில் காத்திருப்பீர்கள்.

சிறிய படம் என்றால் திரைப்பட விழாக்களுக்கு மட்டும் ஓராண்டு உரிமை கேளுங்கள். வெளியீடு கிடைத்தால் கட்ட வேண்டிய தொகையை அதே பத்திரத்தில் இப்போதே எழுதி வாங்கிவிடுங்கள். படம் விற்ற பிறகு கேட்டால் விலையை அவர்கள் சொல்வார்கள். 'மோஸ்ட் ஃபேவர்ட் நேஷன்ஸ்' என்ற ஷரத்தைக் கவனியுங்கள்: மாஸ்டருக்கு அதிகம் கொடுத்தால் பதிப்பாளருக்கும் அதே தொகை ஏறும்.

கையெழுத்தாகும் வரை அந்தப் பாட்டை டெம்ப் டிராக்காக, அதாவது தற்காலிகப் பின்னணியாக, எடிட்டில் போடவே கூடாது. எடிட்டரும் இயக்குநரும் ஆறு வாரம் அதைக் கேட்டுவிட்டால் வேறு எதுவும் பிடிக்காது.

6. தட்டிலிருந்து நல்ல பிரதி எடுப்பது

78 தட்டு அரக்கால் ஆனது. ஸ்பிரிட், ஐசோப்ரொப்பைல் எதுவும் படக் கூடாது, அரக்கைக் கரைத்துவிடும். வடிகட்டிய நீரில் இரண்டு சொட்டு மென்மையான சோப்பு, லேபிள் நனையாமல் துடைத்து நிறுத்திக் காயவிடுங்கள். எடிசனின் தடித்த டயமண்ட் டிஸ்க்குக்குத் தண்ணீரும் ஆகாது, உள்ளே இருக்கும் மரத்தூள் ஊறி உப்பும்.

எல்.பி. ஊசி 78-இன் பள்ளத்தில் அடிவரை இறங்கிக் குப்பையைத்தான் வாசிக்கும். முனையின் ஆரம் அங்குலத்தில் ஆயிரத்தில் மூன்று பங்கு இருக்கும் 78 ஊசி வேண்டும். ஸ்டீரியோ கார்ட்ரிட்ஜில் எடுத்து இரண்டு சேனலையும் மோனோவாகக் கூட்டினால் செங்குத்து இரைச்சல் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். கூட்டும் முன் இடது, வலது தனித்தனியாகக் கேளுங்கள். பள்ளத்தின் ஒரு சுவர் தேய்ந்திருந்தால் மற்றதை மட்டும் எடுங்கள். 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ். எல்.பி.க்கான ரியா ஈக்யூ (பேஸையும் மேல் ஒலியையும் சரிக்கட்டும் திருத்தம்) 1954-க்குப் பிறகு வந்தது, இதில் போட்டால் ஒலி மந்தமாகும். ஈக்யூ இல்லாமல் எடுத்து, மின் பதிவுக்கு 250 முதல் 500 ஹெர்ட்ஸுக்குள் ஒரு புள்ளிக்குக் கீழே பேஸைக் காதால் கேட்டு ஏற்றுங்கள். கூம்புப் பதிவுக்கு அதுவும் வேண்டாம்.

வேகத்தைச் சோதியுங்கள். பழைய கொலம்பியா தட்டுகள் 80-இல் ஓட வேண்டியவை. 78-இல் ஓட்டினால் சுருதி ஏறத்தாழ அரை சுரத்தில் பாதி இறங்கிவிடும். பித்தளைக் குழுக்கள் பி ஃபிளாட், ஈ ஃபிளாட், எஃப் சுருதிகளை விரும்பும். உங்கள் பிரதி இரண்டு சுருதிக்கு நடுவே நின்றால் வேகம் தப்பு. இறங்கிய வேகம் பாட்டை இன்னும் சோகமாக்கும். அதை வேண்டுமென்றே வைத்துக்கொள்வது உங்கள் விருப்பம், தெரியாமல் வைக்காதீர்கள். 24 பிரேம் படம் 25-க்கு மாறும்போது சுருதி அரை சுரத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு ஏறும் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

இரைச்சல் நீக்கும்போது முதலில் டிக் சத்தங்களை எடுங்கள், பிறகு பொது இரைச்சலை 6 முதல் 10 டெசிபல் வரை. அதற்கு மேல் போனால் கிளாரினெட் தண்ணீருக்குள் முங்கி ஊதுவதுபோல் ஆகும்.

7. புதிதாக வாசித்துப் பழசாக்குவது

மெட்டு விடுபட்டு, தட்டு விடுபடாதபோது இதுவே வழி. கிளாரினெட், டிரம்பெட், டிரம்போன், பியானோ, பேஸ், பிரஷ் பிடித்த டிரம். ஆறு பேர் போதும். ஒரே அறை, ஒரே ரிப்பன் மைக், மோனோ. சத்தம் அதிகமாக வரும் வாத்தியத்தைப் பின்னால் தள்ளி நிறுத்துங்கள், ஃபேடரைத் தொடாதீர்கள். தனித்தனி டிராக்காக எடுத்து ஈக்யூவில் பழசாக்கினால் அறை பொய் சொல்வது உடனே தெரியும். 1930 ஒலிக்கு 100 ஹெர்ட்ஸுக்குக் கீழும் 5,500-க்கு மேலும் வெட்டுங்கள். ஒரு பக்கம் மூன்று நிமிடம்தான் என்பதால் அமைப்பையும் மூன்று நிமிடத்துக்குள் எழுதுங்கள்.

கீறல் சத்தம் சேர்ப்பதில்தான் எல்லோரும் பிடிபடுகிறார்கள். 78 தட்டில் ஒரு கீறல் நொடிக்கு 1.3 தடவை திரும்பி வரும், எல்.பி.யில் இரண்டு நொடிக்கு ஒரு தடவைக்குச் சற்று அதிகம். சந்தையில் கிடைக்கும் கீறல் லூப்புகளில் நிறைய எல்.பி.யிலிருந்து எடுத்தவை. 1930-இன் பாட்டின் மேல் அது வந்தால் ஏன் என்று தெரியாமலேயே ரசிகனுக்கு உறுத்தும். வெறும் 78 தட்டின் கடைசிப் பள்ளத்தை ஓடவிட்டுப் பதிந்துகொள்ளுங்கள்.

காட்சிக்குள்ளேயே கிராமஃபோன் ஓடுகிறது என்றால் மிக்ஸில் ரிவெர்ப் போடுவதைவிடச் சின்ன ஸ்பீக்கரில் நிஜ அறையில் ஓட்டி, கேமரா இருக்கும் தூரத்திலிருந்து மைக்கில் பிடிப்பது பல மடங்கு நன்றாக இருக்கும். வசனத்துக்கு அடியில் பாடும் குரலும் அடைத்த டிரம்பெட்டும் ஆகாது. இரண்டும் பேச்சின் தெளிவு இருக்கும் 1,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் பகுதியில்தான் உட்காரும். கீழ் ஸ்தாயிக் கிளாரினெட்டும் பேஸும் வழிவிடும்.

க்யூ ஷீட்டில், அதாவது படத்தில் வரும் இசையின் பட்டியலில், பாட்டின் பெயரோடு மேட்ரிக்ஸ் எண், டேக், தட்டு எண், வெளியான வருடம், பிரதி எடுத்த தட்டின் லேபிள் புகைப்படம் எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள். படத்தின் டீசரை யூடியூபில் ஏற்றிய அன்றே யாரோ ஒரு ரீமாஸ்டர் நிறுவனத்தின் பெயரில் தானியங்கி உரிமைக் கோரல் வரும். அந்தப் புகைப்படமும் எண்ணும் கையில் இருந்தால் மறுப்பை அன்றே அனுப்பிவிடலாம்.